முப்பத்து மூன்று கோடிக்குள் ஒரு பதினேழு

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெசிக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், கல்கரியின் பனியில் நீயும் மருமகனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, குழாயில் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, ஆனால் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை, காரணம் ஒரு பெரிய எண். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் நீ மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய்.

ஓய்வு பெற்றதிலிருந்து கோயிலில் பாட்டு எண் பலகை என் பொறுப்பு அல்லவா, இன்று குருவானவர் கொடுத்த சீட்டில் 33, 333, 331 என்று மூன்று பாட்டு. வரிக்கு ஒரு பாட்டாக எண் அட்டைகளை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று சேர்த்து வாசித்தால் 33333331. உனக்கு ஞாபகம் இருக்கும், 31, 331, 3331 என்று முன்னால் மூன்றைச் சேர்த்துக்கொண்டே போனால் எல்லாம் பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதுவும் மீதியில்லாமல் வகுக்காது, பலகையில் நின்றதும் அப்படித்தான். இன்னொரு மூன்று போட்டால் எப்படியிருக்கும் என்று ஆசை வந்து முதல் வரியில் ஒரு மூன்றைக் கூடுதலாக மாட்டினேன், முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முன்னூற்று முப்பத்தொன்று, பார்த்துக்கொண்டே நின்றதில் மணி அடித்துவிட்டது, எடுக்க மறந்துவிட்டேன். சபையார் 333-ஐப் பாடினார்கள், அடுத்த பாட்டுக்கும் அதையே ஐந்து சரணமும் விடாமல் பாடினார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, பலகையில் இருந்தால் பாடிவிட வேண்டியதுதான் நம் ஆட்களுக்கு. வெளியே வந்ததும் அம்மா, கோயிலுக்குள்ளயுமா கணக்கு போடுதிய என்றாள், அதோடு சரி.

மத்தியானம் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். ஏழுக்கு மீதி 2, பதினொன்றுக்கு 1, பதிமூன்றுக்கு 6. பதினேழு போட்டேன், மீதி இல்லை. 17-ஐ 19607843-ஆல் திரும்பப் பெருக்கினேன், அப்படியே வந்தது. ஏழு மூன்று வரை அசையாமல் நின்றது எட்டாவது மூன்றில் ஏன் உடைகிறது? இன்னும் பதினாறு மூன்று சேர்த்தால் பதினேழு மறுபடி உள்ளே நுழைகிறது, அதையும் வகுத்துவிட்டேன், அது ஏன் பதினாறு? அம்மாவிடம் கேட்க முடியாது.

என் வகுப்பில்தானே நீ எட்டாவது படித்தாய். ஆய்வுக்கு வந்த அதிகாரி பின்னால் உட்கார்ந்திருக்க, இந்த வரிசை முடிவில்லாமல் பகா எண்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். நீ எழுந்து, "எட்டு மூணு போட்டா பதினேழுல போகுதே சார்" என்றாய். உன் நோட்டை வாங்கிக்கூடப் பார்க்காமல் பென்ச் மேல் ஏற்றினேன், மணி அடிக்கும் வரை நின்றாய். அதன் பிறகு என்னிடம் நீ ஒரு கணக்கும் கேட்டதில்லை, பிளஸ் ஒன்னில் கணக்கில்லாத குரூப் எடுத்தாய், அது உன் விருப்பம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாயிருக்கிறது ஜெசி. நீ சொன்னது சரி, நான்தான் தப்பு. மானம் போய்விடும் என்று பயந்தேன், அந்த அதிகாரியின் பெயர்கூட இன்று ஞாபகமில்லை.

19607843-ஐ எது வகுக்கும் என்று நான் பார்க்கவில்லை, உனக்கென்று விட்டு வைத்திருக்கிறேன். மருந்து வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அதை இனி அம்மாவிடம் கேள், என்னிடம் வேறு ஏதாவது கேள். காதை மூடாமல் பனியில் இறங்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் நடத்துவாராக.

இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, பென்ச்சை விட்டு இறங்கி உட்காரும்மா.

உன் அப்பா,
தேவசிகாமணி