தென்பெண்ணையோரம், கை ஓங்காமல்

27 ஜனவரி 2009

இன்றும் யாரையும் அடிக்கவில்லை. செங்கம் ரோட்டில் ஓர் ஆட்டோக்காரன் என் பேட்டரி சைக்கிளை இடித்துவிட்டு என்னையே முறைத்தான். கை எழுந்தது. இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் விடுதியின் முதலாளி கோபி பார்த்துவிட்டு, "இன்னாடா எழில், உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான்.

என் மனைவி திரௌபதி வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம். தீபாவளிக்கு மறுநாள் நான் அறைந்ததில் அவள் உதடு கிழிந்தது. மகள் அபிநயாவைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அவள் வேண்டும்.

30 ஜனவரி

விடுதியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஐந்து பேர், நாலு நாள், தென்பெண்ணை ஓரமாகவே பேட்டரி சைக்கிளில். வழிகாட்டி நான். தினமும் சார்ஜ் போட வேண்டும், அதனால் தங்குமிடம் பார்க்கும் வேலையும் என்னுடையது. இரண்டாம் இரவு திரௌபதியின் தம்பி அர்ஜுனன் வீடு. மூங்கில்துறைப்பட்டுக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி. ஏன் அந்த ஊர் என்று கோபி கேட்கவில்லை. நான் மாறிவிட்டதை அவள் கண்ணால் பார்க்கட்டும்.

2 பிப்ரவரி, சாத்தனூர்

மேட்டில்கூட வண்டி தானாக ஏறுகிறது. அணைக்குக் கீழே பாறைகளுக்கு நடுவே ஆறு பச்சையாகப் போவதைப் பார்த்து ஜெர்மன்காரம்மா அழுதே விட்டாள். எனக்கு நாளை சாயங்காலம்தான் மனசில்.

3 பிப்ரவரி

திரௌபதி எல்லாருக்கும் சோறு போட்டாள். எனக்கும் போட்டாள். உதட்டில் தழும்பு.

வீட்டில் பிளக் ஒன்றுதான். மீதி பேட்டரிகளை அர்ஜுனனின் பம்ப்செட் கொட்டகையில் சார்ஜ் போட்டோம். அந்தக் கிணறு அவனுக்கும் பங்காளி சடையனுக்கும் பொது.

7 பிப்ரவரி, ஆஸ்பத்திரி

இடது கையால் எழுதுகிறேன்.

நாலாம் தேதி காலை ஆறு மணிக்கு, மோட்டார் ஓட்டுவதற்கான மும்முனை கரண்ட் வந்தது. சடையன் மோட்டாரைப் போட்டதும் புகை. மோட்டாருக்குள் காயில் கம்பி எரிந்துவிட்டது. அங்கே வோல்டேஜ் எப்போதும் கம்மி, அதுதான் காரணம். ஆனால் அவன் கண்ணில் பட்டது எங்கள் பேட்டரிகள். "ராவெல்லாம் கரண்ட உறிஞ்சி என் மோட்டார கொளுத்திட்டியேடா! கரும்பு காயுதுடா!" கடப்பாரையால் சைக்கிள்களை நொறுக்கினான். ஜெர்மன்காரம்மா குறுக்கே ஓடினாள். அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு நான் நின்றேன்.

முதல் அடி தோளில். இரண்டாவது விலாவில். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். திரௌபதி வாசலில் நிற்கிறாள் — பாருடி, திருப்பி அடிக்கல பாரு! அடுத்த அடி வலது கையில், எலும்பு உடையும் சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தேன். முகத்தில் மிதித்தான். வாயெல்லாம் ரத்தம். எழுத வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அர்ஜுனன் ஓடி வந்து இழுக்கும்வரை சடையன் நிறுத்தவில்லை.

வலது கை இரண்டு இடத்தில் முறிவு. விலா மூன்று.

9 பிப்ரவரி

வந்தாள்.

"பாத்தியா? ஒரு அடி திருப்பி அடிச்சேனா?"

"பாத்தேன். ஒரு நா வாங்குனதுக்கு ஊரே வந்து பாத்துட்டுப் போவுது. நான் ஏழு வருஷம் வாங்குனேன். யாரு வந்தாங்க?"

பிறகு, அபிநயாவுக்கு டி.சி. வாங்கித் தரச் சொன்னாள், தம்பி ஊரிலேயே பள்ளியில் சேர்க்க வேண்டுமாம். முடியாது என்று கத்தினேன். டி.சி. இல்லாவிட்டால் வந்துதானே ஆக வேண்டும்? நன்றி கெட்டவள். யாருக்காக வாங்கினேன் இத்தனை அடியும்?

10 பிப்ரவரி

சலைன் பாட்டிலை மாற்ற நர்ஸ் கையைத் தூக்கினாள். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணா, பாட்டிலுதான்."

திரௌபதி இப்படித்தான் மூடுவாள். பரணிலிருந்து பெட்டி எடுக்க நான் கையைத் தூக்கினாலும் மூடுவாள். இன்னாடி நடிப்பு என்று அதற்கும் சேர்த்து அடித்திருக்கிறேன்.

11 பிப்ரவரி

சடையன்மேல் போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று கோபி வந்து நின்றான். என்மேல் யார் எழுதிக் கொடுத்தார்கள்? போய்விட்டு அப்புறம் வா என்றேன்.

3 ஜூன்

அபிநயாவின் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை ராணியம்மாள் படிவத்தை எடுத்துவைத்து, "பாப்பாவ ஏங்க நிறுத்துறீங்க? காரணம் எழுதணும்" என்றார்.

"அப்பா அடிப்பாருன்னு எழுதுங்க."

என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார், திறந்தார். "அதெல்லாம் எழுத முடியாதுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பெற்றோர் விருப்பம் என்று எழுதினார்.

நான் வரச் சொல்லியிருந்த அர்ஜுனன் வெளியே நின்றிருந்தான். டி.சி.யை அவனிடம் கொடுத்தேன்.

"நீங்களும் வாங்க மாமா. அக்காகிட்ட நீங்களே குடுங்க."

நான் வரவில்லை, கை நீட்டினால் அவள் முகத்தை மூடிக்கொள்வாள் என்றேன்.