சின்னச் சதைக்குச் சின்னப் பொட்டு

நேற்று சித்தூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் பெண் என் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் ஈரமாக எதையோ ஒட்டினாள். சில்லென்றது. கூடவே அந்த வாசனை, ஸ்பிரிட்டும் ஆறிப்போன சவ்வரிசிக் கஞ்சியும் கலந்த மாதிரி. குனிந்து பார்த்தேன். மசால் வடை அகலத்துக்கு வெள்ளை வட்டம், நடுவில் இரும்புக் குமிழ். அதை அமுக்கிப் பார்க்கக் கையைத் தூக்கினேன்.

"ஆடாத தாத்தா, கோடு கலையுது. ஹார்ட்டுக்கு ஒட்டறதுதான் இது, வலிக்காது" என்றாள்.

"ஹார்ட்டுக்கு ஒட்டறதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றேன். நான் அதைத் தெரிந்துகொண்ட விதம் அவளுக்குத் தெரியாது. என்னோடு குடித்தனம் நடத்திய உனக்கும் தெரியாது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இனி எப்படிச் சொல்வது? எழுத்து எனக்கு வராது. எதிர்வீட்டு டீச்சரம்மா நான் சொல்வதை எழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திக் காத்திருக்கிறார்.

மாங்காய் சீசன் அது. ஊரைச் சுற்றி ஜூஸ் ஃபேக்டரிகள் புதிது புதிதாக வந்த காலம். நம் கங்காதர நெல்லூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டர் நிறையப் பெண்கள் வேலைக்குப் போனீர்கள். உன் கத்தி தோல் சீவுவதை நின்று பார்ப்பார்கள். அந்தக் கத்திதான் ஒருநாள் வழுக்கி உன் வலது மணிக்கட்டில் இறங்கியது. சித்தூரில் தையல் போட்டார்கள். காயம் ஆறிற்று, கட்டைவிரல் மட்டும் எழுந்திருக்கவில்லை. சோறு பிசைந்தால் வாய்க்கு வருவதற்குள் பாதி கொட்டியது.

திருப்பதியில் நரம்பு டாக்டர் பார்த்தார். நரம்பை எடுத்து ஒட்டினார். "சங்கராந்திக்குள்ள இந்தச் சதை அசையணும். அசையலன்னா மறுபடி திறக்கணும். ஆலஸ்யம் அயிதே லாபம் லேது" என்றார். தாமதமானால் பயனில்லை. இந்த ஒரு வார்த்தையை நான் மறந்ததே இல்லை. மறக்காமல் இருந்து என்ன செய்தேன்?

சதை அசைகிறதா என்று பார்க்க ஒரு மிஷின் இருந்தது. கட்டைவிரல் மேட்டில் இரண்டு வட்டம், முழங்கை எலும்பில் ஒன்று என்று ஒட்டுவார்கள். சதை முயற்சி செய்தால் திரையில் பச்சைக் கோடு ஏறும். அந்த வட்டத்துக்கு இங்கிலீஷில் என்னவோ பேர் சொன்னார்கள். நீதான், "பொட்டுன்னு சொல்லுயா, வாயில நுழையட்டும்" என்றாய். அப்புறம் அந்த ரூமில் எல்லோருமே பொட்டு என்றார்கள்.

ஒருமுறை ஒட்டினால் எறிய வேண்டியது அது. நாம்தான் கடையில் வாங்கிப் போக வேண்டும். வேலூரிலிருந்து வந்த ஃபிசியோ அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். "படிக்கத் தெரியலன்னா பரவால்ல, தொட்டுப் பாருங்க. பாக்கெட் மேலயே அமுக்குனா உள்ள கூழ் நகரணும். நகரலன்னா காய்ஞ்சது, வேணாம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கணும். சின்னச் சதைக்குச் சின்னப் பொட்டு." அளவு எதற்கு என்று நான் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தேன். கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. நீ பல்லைக் கடித்து முக்குவாய், அது அசையாது.

தீபாவளிக்கு முன்னால் அந்த அம்மா அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த வாரம் திருப்பதிக் கடையில் சின்னப் பொட்டும் தீர்ந்திருந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெடிக்கலில் போய், "பொட்டு குடுங்க" என்றேன். "ஃபேன்சி ஸ்டோர் பக்கத்துல கீது பெத்தாயனா" என்றான் கடைக்காரன். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மிஷினுக்கு ஒட்டுவது என்று கையைக் காட்டி விளக்கினேன். பெரியதை எடுத்துப் போட்டான். "சின்னது இல்லியா?" "எல்லாம் ஒண்ணுதான். பெரிசா இருந்தா நல்லா புடிக்கும்."

அமுக்கிப் பார்த்தேன். கூழ் நகர்ந்தது. உன் நெற்றி ஞாபகத்துக்கு வந்தது. நீ எப்போதும் பெரிய பொட்டுக்காரி. சின்னதை வைத்தால் முகம் காலியாக இருக்கிறது என்பாய். பெரியதே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த ரூமில் புதிதாக வந்த ஆள் கொண்டுபோனதை ஒட்டினான். ஒன்று மேட்டை முழுக்க மூடியது, இன்னொன்றுக்கு இடமில்லாமல் உள்ளங்கைக்கு ஏறியது. நீ முக்கினாய். கோடு ஏறியது! "இன்னாயா! நீ வாங்கியாந்த பொட்டு பேசுது பாரு!" என்று கத்தினாய். அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆளும் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தான்.

அதற்கப்புறம் சின்னதை நான் தேடவே இல்லை. டாக்டர் ரூம் பக்கமும் போகவில்லை. போனால் கத்தி எடுப்பார் என்று உனக்குப் பயம், எனக்கும் பயம். கோடுதான் ஏறுகிறதே. கார்த்திகையில் பிள்ளை குவைத்துக்குக் கிளம்பினான். அந்தப் பத்து நாள் பலகாரம், துணிமணி, பாஸ்போர்ட் என்று அலைந்ததில் கைப் பயிற்சிக்கு டாக்டர் அமுக்கச் சொன்ன ரப்பர் பந்தை நீ தொடவில்லை. சங்கராந்தி வந்தது, போயிற்று. உன் கட்டைவிரல் மேடு வற்றிப் பள்ளமாகிக்கொண்டே வந்தது. தினமும் உன் கையைப் பார்த்தவன் நான். என் கண்ணை நம்பாமல், எனக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பச்சைக் கோட்டை நம்பினேன்.

மறு சீசன் மாங்காய் வந்தபோது அந்த ரூமுக்கு வேறொரு அம்மா வந்தாள். உன் கையைத் தடவினாள், நான் கொண்டுவந்த பாக்கெட்டைப் பார்த்தாள், தன் டிராயரிலிருந்து சின்னதை எடுத்து ஒட்டினாள். கோடு படுத்துவிட்டது. நீ குழாயடிக்குக் கை கழுவப் போனாய். அவள் என்னிடம் வந்தாள்.

"பெத்தாயனா, இது ஹார்ட்டுக்கு ஒட்டறது. சின்னச் சதை மேல வெச்சா பக்கத்துச் சதையோட பேச்ச புடிக்கும். பக்கத்து வீட்ல சத்தம் கேட்டுக்கினு, இந்த வீட்ல ஆள் கீதுன்னு நெனச்சிட்டீங்க. அம்மா மேல தப்பே இல்ல, அவங்க எவ்ளோ பந்து அமுக்கினாலும் இந்தச் சதை அசைஞ்சிருக்காது. நான் சொல்லட்டா, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்" என்றேன்.

டாக்டர் உன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். இனி நரம்பால் ஆகாது, வேறொரு விரலின் தசை நாரை இழுத்துக் கட்டைவிரலுக்குக் கட்டலாம், ஓரளவு பிடிக்க வரும் என்றார். நீ வேண்டாமென்று தலையாட்டிவிட்டாய். "வேணாம் சார். பந்து அமுக்கச் சொன்னீங்க, நான் பத்து நாள் அமுக்கல. ஏறிக்கினு இருந்த கோட்ட நானே படுக்க வெச்சிட்டேன். இதையும் கெடுத்துருவேன்" என்றாய். சொல்ல வேண்டிய இடம் அது. பக்கத்தில்தான் நின்றேன். உன் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டாய், "நான் கை கழுவப் போனப்போ அந்தம்மா இன்னா சொல்லிச்சி?"

"ஒண்ணும் இல்ல மே" என்றேன், எப்போதும் உன்னைக் கூப்பிடுகிற மாதிரி.

அந்த ஒண்ணுமில்லையோடு நீ எத்தனை வருஷம் இருந்தாய்! கல்யாண வீட்டில் ஸ்பூனால் சாப்பிடும்போது உன் நாத்தனார், "கலெக்டர் பொண்டாட்டி வந்துட்டா" என்பாள். "ஆமா, ஜீப்பு வெளிய நிக்குது" என்று நீயும் சிரிப்பாய். குவைத்திலிருந்து பிள்ளை போன் செய்து, "இங்க கடையில நம்ம சித்தூர் மாங்கா டப்பா அடுக்கிக் கீதும்மா, நீ வேல செஞ்ச ஃபேக்டரியதா கூட இருக்கும்" என்பான். கையைப் பற்றிக் கேட்டால், "என் சோம்பேறித்தனம் கண்ணு" என்பாய். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஸ்டிக்கர் பொட்டை அட்டையிலிருந்து உரிக்க உன்னால் முடியாது. தினமும் காலையில் நான் உரித்து வைத்தேன். "கோணலா வெச்சிட்டியா?" என்று கேட்காத நாள் இல்லை. கடைசி நாளும் நான்தான் வைத்தேன். அன்று நீ கேட்கவில்லை. இப்போதும் பொட்டு அட்டை எங்கே தொங்கினாலும் என் நகம் தானாக அதன் விளிம்பைத் தேடுகிறது.

நேற்று நர்ஸ் பெண் என் நெஞ்சிலிருந்து அவற்றை உரித்து வாளியில் எறிந்தாள். "ஹார்ட் நல்லா கீது தாத்தா" என்றாள். "நல்லா பாத்தியாம்மா? பக்கத்துல வேற எதுவும் பேசலியே?" என்று கேட்டேன். வயசானவன் உளறுகிறான் என்று சிரித்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்ததும் டீச்சரம்மாவைக் கூப்பிட்டேன்.

பஸ்ஸில் கேட்டாயே, அந்தம்மா இன்னா சொல்லிச்சி என்று.

சொல்லிச்சி மே. உன் மேல தப்பே இல்லன்னு சொல்லிச்சி.