கூட்டுக் கணக்கு

ஃப்ளீட்வுட்,
செப்டம்பர் 15, திங்கள் மாலை

அன்புள்ள லொரெய்னுக்கு,

நெவில் எழுதுவது. இங்கே நான் நலம், பூனையும் நலம். யாருக்கும் நோய்நொடி இல்லை, யாரும் சாகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பாய்.

ஹோட்டல் சமையலறையில் நின்றுகொண்டு இதைப் படிக்காதே. உன் அறைக்குப் போய் உட்கார்ந்து படி. ஆனால் போகும் வழியிலேயே உன் முதலாளி திருமதி இஸ்பிஸ்டரைப் பார்த்து, வெள்ளிக்கிழமை போடவிருக்கும் உன் சம்பளத்தை நம் கூட்டுக் கணக்கில் போட வேண்டாம், அவரே கையில் வைத்திருக்கட்டும் என்று சொல்லிவிடு. காரணம் கீழே இருக்கிறது. அதைப் படித்த பிறகு கோபத்தில் இந்தக் காரியத்தை மறந்துவிடுவாய் என்றுதான் காரியத்தை முதலில் எழுதினேன்.

ஏப்ரலில் உன்னை அந்த வேலைக்கு ஷெட்லாந்துத் தீவுக் கப்பலில் ஏற்றிவிட்டபோது, நம் டைல்ஸ் கடை பரவாயில்லாமல் ஓடுகிறது என்று சொன்னேன். அது பொய். ஜூன் மாதமே கடையை மூடிவிட்டேன். பச்சை டைல்ஸ் வாங்கிப்போய் மூன்று முறை மாற்ற வந்த ஒரு பெண்மணியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா, நீ அப்படிச் சிரித்தாயே, அப்படி ஒரு பெண்மணியே கிடையாது. இரண்டு மாதமாக ஒரு பேக்கரிக்கு ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் நம்மிடம் வாங்கிய சரக்குக்குப் பணம் தராமலே மூழ்கிப் போனார். அந்த ஓட்டையை அடைக்க மூன்று வங்கிகளில் கடன் வாங்கினேன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், நீ தேநீர் ஊற்றிக்கொண்டே என்ன தாள் என்று கேட்டாய். சும்மா ஒரு சம்பிரதாயம் என்றேன். கடை போனால் கடனை நானே சொந்தமாகக் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுத்த தாள் அது. இப்போது வாசல் மணி அடித்தால் மாடியில் போய் நின்றுகொள்கிறேன். பூனை மட்டும்தான் கதவருகே போகிறது.

ஆகஸ்டில் நூலகத்து மாடியில் கடன் ஆலோசனை சொல்லும் ஹிலரி என்பவரைப் போய்ப் பார்த்தேன். திவால் மனு போடுவது தவிர வேறு வழி இல்லை என்றார். எல்லாம் கணினியிலேயே முடிந்துவிடுமாம். ஆனால், "அவசரப்பட்டு பட்டனை அமுக்கிடாதீங்க நெவில். மொதல்ல உங்களுக்குக் கடன் இல்லாத ஒரு பேங்க்கில அடிப்படைக் கணக்கு ஒண்ணு தொறந்துக்கங்க. திவால் உத்தரவு வந்த அன்னிக்கே பழைய கணக்கைப் பூட்டிருவாங்க. அப்புறம் சம்பளம் எங்க வந்து விழும்?" என்று கேட்டார். அடிப்படைக் கணக்கு என்றால் அதில் இல்லாத பணத்தை எடுக்க முடியாது, காசோலைப் புத்தகம் கிடையாது. ஓர் அட்டை தருவார்கள், வாடகையும் மின்சாரமும் அதிலிருந்தே போகும், அவ்வளவுதான். என்னைப் போன்றவர்களுக்கென்றே இருக்கிற கணக்கு.

நம் ஊர்க் கிளையைத்தான் மூடிவிட்டார்களே, டிராம் ஏறி பிளாக்பூல் போனேன். முதல் வங்கியில் கணினியைப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்குச் சரிப்படாது சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது வங்கியில் ஒரு இளம்பெண். மெல்லிய குரலில் "அடிப்படைக் கணக்கு" என்றேன். அவளுக்கு வெண்கலத் தொண்டை. "அடிப்படைக் கணக்கா சார்? அதைவிட நல்லதெல்லாம் இருக்கே, வெளிநாட்டுப் பயண இன்சூரன்சோட!" என்றாள். திரும்பிப் பார்த்தால் வரிசையில் எனக்குப் பின்னால், பவுல்ஸ் கிளப்பில் என்னோடு பந்து உருட்டும் கெண்ட்ரிக் நிற்கிறார். பட்ட காலிலேதான் படும்.

முகவரிக்குச் சான்றாக வீட்டு பில் ஏதாவது கேட்டாள். மின்சாரம், தண்ணீர், நகராட்சி வரி எல்லாம் உன் பெயரில் இருக்கிறது. நீதானே எல்லாம் பார்த்துக்கொண்டாய். யோசித்துப் பார்த்தால், என் பெயருக்கு நம் வீட்டுக்கு வருபவை கடன்காரர்களின் கடிதங்கள் மட்டும்தான். கடைசியில் வரி இலாகாவின் எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் படித்தாள். பிறகு அந்த வெண்கலத் தொண்டை இறங்கிப் போயிற்று. "இது போதும் சார். எங்கப்பாவும் இப்படித்தான் ஒரு பேப்பரோட அலைஞ்சாரு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு அழுதுவிடுவேன் போலிருந்தது.

வெளியே வரும்போது கெண்ட்ரிக், "என்ன நெவில், லோனா?" என்றார். "ஆமா, கடையைக் கொஞ்சம் பெருசா மறுபடி தொறக்கலாம்னு" என்றேன். "பெரிய ஆளுய்யா நீ" என்று முதுகில் தட்டினார். பொய் சொல்லிப் பழகிய வாய் லேசில் நிற்காது, லொரெய்ன்.

போன வியாழக்கிழமை அட்டை தபாலில் வந்தது. ஆறு மாதத்தில் அன்றுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஹிலரி சொன்ன வரிசைப்படியே செய்துவிட்டேன் என்ற பெருமையில் அன்றைக்கே பட்டனை அமுக்கினேன். இன்று மத்தியானம் அவருக்குப் போன் செய்து சொன்னேன். "நல்லது. கூட்டுக் கணக்குல இருந்து உங்க வீட்டம்மா சம்பளத்தை மாத்தியாச்சில்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நெவில், அவங்களுக்கு எல்லாம் தெரியும், அவங்களுக்குத் தனிக் கணக்கு இருக்குன்னு மொத நாளே சொன்னீங்களே?" என்றார். சொன்னேன்தான். பெண்டாட்டிக்குத் தெரியாமல் வந்து நிற்கிறவன் என்று அவர் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

மனு போட்டாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. இருபத்தெட்டு நாளுக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் உத்தரவு வரலாம், நாளைக்கே கூட. வந்தால் என் பெயர் இருக்கும் நம் கூட்டுக் கணக்கு முழுவதும் பூட்டப்படும். அதில் உன் பெயரும் இருப்பது பூட்டுக்குத் தெரியாது. அதில் இருக்கும் ஒவ்வொரு காசும் உன் சம்பளம், நீ ஆறு மாதம் நின்று சமைத்த காசு, உன் முன்பற்களைச் சீராக்கச் சேர்த்தது. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாயே, அதை நிறுத்தத்தான் அவ்வளவு தூரம் போனாய். அது உன்னுடையது என்று பின்னால் நிரூபிக்கலாமாம், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும், முழுதாகக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. கடன்காரர்களை நினைத்துக்கூட இவ்வளவு பயப்படவில்லை.

செவ்வாய் காலை

தபால் நிலையம் திறக்கும் முன் பணம் எடுக்கும் இயந்திரத்துக்குப் போனேன். எடுப்பதற்கு இல்லை, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. அவசரத்தில் ரகசிய எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். மறுக்கப்பட்டது என்று திரையில் வந்ததும், பூட்டிவிட்டார்கள் என்று நினைத்து அந்தச் சுவரையே பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற ஒரு அம்மாள், "என்னப்பா, கார்டை முழுங்கிருச்சா?" என்றார். மறுபடி அடித்தேன். இருக்கிறது. இன்று காலை எட்டு மணி வரை இருக்கிறது.

ஹிலரியின் எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உடனே அவரைக் கூப்பிடு. அந்தப் பணத்தை என் தம்பி கணக்குக்கு மாற்றிவிடட்டுமா என்று நான் கேட்டபோது, "நீங்க கை வச்சீங்கன்னா ஒளிச்ச மாதிரி ஆயிரும். அவங்க சம்பளத்தை அவங்களே எடுக்கட்டும், சம்பளச் சீட்டெல்லாம் பத்திரமா இருக்கட்டும், எவன் கேட்டாலும் உள்ளதைச் சொல்லட்டும்" என்று அதட்டினார். அதனால் நான் தொடவில்லை. நீ வேறொரு வங்கியில் கணக்கு ஒன்று திற. உனக்குக் கடன் கிடையாது, உன் பெயரில் எல்லா பில்லும் இருக்கிறது, உனக்குக் கதவைத் திறந்து விடுவார்கள்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். கடை மூடியதையும் மனு போட்டதையும் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். நீ கடல்நாய்க்குட்டிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய், எனக்குத் தைரியம் போய்விட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. தீவுக்கு இரண்டு நாள் ஆகும், வியாழன் மதியம் நிச்சயம் கிடைத்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொல்கிறார்கள். அன்று மாலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

கணக்கு திறக்கும்போது, தனியாகவா, கணவரோடு சேர்த்தா என்று கேட்பார்கள். எங்கே போனாலும் நீ யோசிக்காமல் "சேர்த்துத்தான்" என்று சொல்வாய். பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். இந்த முறை தனியாக என்று சொல்லிவிடு. என்னை நினைத்துத் தயங்காதே. அந்தப் பதிலை வங்கிக்கு மட்டும் சொன்னதாக வைத்துக்கொள், எனக்குச் சொன்னதாக ஆக்கிவிடாதே என்று உன்னைக் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

வியாழக்கிழமை போனை எடு, லொரெய்ன். திட்டுவதற்காவது எடு.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பணமும் நீயும் பத்திரமாக இருக்க வேண்டும்.

உன்
நெவில்