ஹெல்மெட்டுக்குள் இருந்த சீட்டு

அக்கா,

உங்கள் மஞ்சள் ஹெல்மெட் இப்போது என் அறை ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. போன வாரம் உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிகினே இருந்துச்சிண்ணா" என்றாள். உள்ளே தேங்காய் எண்ணெயும் கரித்தூளும் கலந்த வாசம். முகர்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாரடைப்பு என்று செய்தி வந்த அன்றும் வரவில்லை, அடக்கத்தன்றும் வரவில்லை.

சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியைக் குனிந்து அள்ளும் வேலையில் பதினெட்டு வருடம் இருந்தீர்கள். கான்ட்ராக்டர்கள் மாறினார்கள், அள்ளுகிறவர்கள் மாறவில்லை. எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு நானும் அந்த மண்வெட்டிக்கே வந்து சேர்ந்தேன். பர்மனென்ட் கேட்டு எங்களைத் திரட்டியது நீங்கள்.

சுரங்க வாசலில் நடக்கும் ஒவ்வொரு கேட் கூட்டத்துக்கும் முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் மல்லாத்தி வைத்துவிட்டு, கண்ணை மூடி நிற்பீர்கள். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசருக்கு அது வேடிக்கை. "என்னம்மா, மேல மனு குடுத்தாச்சா? எப்ப ஆர்டர் வருதாம்?" என்பான். "உன் பேரையும் சேத்துதான் குடுத்துருக்கேன் தம்பி" என்பீர்கள். அதை நான் பதிலடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் கிண்டலைவிட உங்கள் ஜெபம்தான் எனக்கு எரிச்சல். "கண்ண மூடிகினு நின்னா தலையில மண்ண அள்ளிப் போட்டுடுவானுங்கக்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"தொறந்துகினு இருந்தப்ப மட்டும் போடலையாடா?" என்றீர்கள்.

வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் கான்ட்ராக்டர் நம் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். ஐந்து பேர், நீங்கள் தங்கள் தலைவர் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மந்தாரக்குப்பம் டீக்கடையில் அந்தச் செய்தி வந்தது. நீங்கள் கோபப்படவில்லை. ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதி ஹெல்மெட் பட்டையில் செருகினீர்கள். ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு சர்ச்சுக்குப் போனீர்கள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் காலை ஷிப்ட் மாறும் நேரம். கூட்டம் கூடிவிட்டது, நீங்கள் வரவில்லை. நான் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஐந்து பெயர்கள். எதிராகக் கையெழுத்துப் போட்டவன் பெயரை ஒரு தலைவர் வேறு எதற்கு எழுதி வைப்பார்? மைக்கை வாங்கினேன். "அக்கா எழுதிக் குடுத்த துரோகிங்க லிஸ்ட்" என்று சொல்லி ஒவ்வொன்றாக வாசித்தேன். யாரோ அந்த ஐவரில் ஒருவரின் சாப்பாட்டுத் தூக்கைப் பிடுங்கி எறிந்தார்கள். சோறு ரோட்டில் சிதறியது. அப்போதும் நான் வாசிப்பதை நிறுத்தவில்லை.

ஐந்தாவது பெயரைச் சொன்னபோது நீங்கள் வந்து நின்றீர்கள். பக்கத்தில் அந்தப் பெயருக்கு உரியவர். விடியும் முன்பே அவர் வீட்டு வாசலில் போய் நின்று, கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்ள வைத்து, கையோடு கூட்டி வந்திருந்தீர்கள். அவர் மைக்கைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், திரும்பி நடந்தார். மற்ற நால்வரின் சொந்தக்காரர்களும் கலைந்தார்கள். இரண்டே நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது.

என் கையிலிருந்த சீட்டை வாங்கி மடித்துத் திரும்பப் பட்டையில் செருகினீர்கள். "இது ஜெபக் குறிப்புடா, இவங்களுக்காக வேண்டிக்க எழுதி வச்சது" என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. பெயர் வாசிக்க வைத்தது நீங்கள்தான் என்று எல்லோரும் பேசினார்கள். அடுத்த கான்ட்ராக்டில் உங்கள் பெயர் இல்லை. "உண்மைய ஏங்க்கா சொல்லல?" என்று பிறகு கேட்டேன்.

"சொல்லியிருந்தா உன்ன அடிச்சிருப்பானுங்க."

இப்போது மிச்சம் இருப்பவர்களுக்கு நான் தலைவன். நேற்று எனக்கு எதிராக ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவன் என் சித்தப்பா மகன். அறைக்கு வந்து ஹெல்மெட்டை எடுத்தேன். சீட்டு அங்கேயே இருந்தது. ஐந்து பெயர்கள் நீல மையில். அதன் கீழே, வேறு மையில், என் பெயர்.

அதிர்ச்சியாக இல்லை. அது இருக்கவேண்டிய இடம்தான்.

உங்கள் கடவுள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை அக்கா. பதினெட்டு வருடம் கேட்டும் ஓர் ஆர்டர் போடாதவர். ஆனாலும் என் பெயருக்குக் கீழே ஏழு பெயர்களை எழுதினேன்.

இன்று காலை கேட்டில் உங்கள் ஹெல்மெட்டை மல்லாத்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். "என்ன தலைவரே, நீயும் வேதத்துல சேந்துட்டியா?" அதே சூப்பர்வைசர். ஐந்து பெயர், என் பெயர், ஏழு பெயர், மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன கேட்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன். மைக்கை வாங்கினேன். அரை மணி நேரம் பேசினேன். அதில் ஒரு பெயரும் சொல்லவில்லை.