மூடிய கதவும் எழுபது டிகிரியும்

ஐப்பசி 3, செவ்வாய்.

அண்ணன் இன்று என் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓடவிட்டு டிஜிட்டல் காசு எடுக்கும் கிரிப்டோ மைனிங்குக்காக மூன்று நாள் உட்கார்ந்து பிராசஸரைச் சரிசெய்திருந்தேன். அதற்குள் கணக்குப் போடும் எட்டு கோரில் ஆறை மட்டும் ஓடவிட்டு, வோல்டேஜைக் குறைத்து, தொண்ணூறு டிகிரி சூட்டை எழுபதுக்கு இறக்கியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"எழுபதும் சூடுதான்லே. வெயில் ஏறுனா கம்பெனியில மருந்து கலக்குறதையே நிறுத்திருவோம். உனக்கு வீட்டுக்குள்ள அடுப்பு கேக்குதாக்கும்?"

பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவன் அப்படித்தான் பேசுவான். ஆனால் பேசும்போது என்னைப் பார்க்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூம் கதவையே பார்த்தான். அவன் கம்பெனிக்குப் போனதும் அதைத் திறந்தேன். உள்ளே கூரை வரை பட்டாசு கிப்ட் பாக்ஸ். குடோனில் இடமில்லை போல. மூன்று நாளாக என் கம்ப்யூட்டர் ஃபேன் சூட்டை ஊதியது அந்தக் கதவின் மேல்தான்.

போன் போட்டுக் கேட்டேன்.

"சீசன் முடியட்டும்லே, எடுத்துருவேன். உன் மதினிகிட்ட மட்டும் சொல்லிராத."

மதினி பிள்ளைகளோடு மாடியில் தூங்குகிறார், அந்த அறைக்கு நேர் மேலே. எழுப்பப் போகிறேன்.