பூரணி போகாத ஊர்

ராகலை
7.3.1960

அன்புள்ள பூரணிக்கு,

போன ஞாயிறு ஹட்டன் பஸ் நிலையத்தில் நீ என்னிடம் கேட்டாய்: "சார், நாங்க எப்ப சார் இந்தியாவுக்குப் போனோம்?" பஸ் கிளம்பிவிட்டது, பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன். நீங்கள் போகவில்லை. 1946இல் உறவுக்காரர்களைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினீர்கள். மஸ்கெலியாவில் அத்தை வீட்டில் அப்பா காய்ச்சலில் விழுந்தார். பிறகு தோட்டத்தில் பெயர் பதியாமலே பதினான்கு மாதம் அங்கே வேலை செய்தார். நம் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் உன் பெயருக்கு எதிரே "இந்தியா சென்றுவிட்டாள்" என்று இருக்கிறது. அந்த ஒரு வரியைக் காட்டித்தான், இலங்கையில் தொடர்ந்து இருக்கவில்லை என்று அப்பாவின் பிரஜாவுரிமை மனுவைத் தள்ளியிருக்கிறார்கள்.

கணக்கு தப்பினால் வகுப்பில் என்ன செய்வோம்? விடையிலிருந்து பின்னோக்கி வருவோம். அதேபோல் ஒரு கார் பிடித்து, அன்று போன வழியிலேயே போங்கள். அன்று சோறு போட்டவர்களிடம், "இவர்கள் எங்களோடு இருந்தார்கள்" என்று எழுதிக் கைநாட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு மே பத்து வரை நேரமிருக்கிறது. தங்கச்சிக்கும் நாலு இடம் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
கந்தப்பன்

தலவாக்கலை
19.4.1960

மதிப்புக்குரிய சாருக்கு, பூரணியின் வணக்கம்.

வருஷப் பிறப்பு லீவில் லாபிர் நானாவின் வாடகைக் காரில் போய் வந்தோம். சென்கிளேயர் அருவியில் நிறுத்தினோம். தங்கச்சி கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். அப்பா மட்டும் இறங்கவில்லை. "பாத்து வச்சுக்கிட்டா அப்பறம் விட்டுட்டுப் போக மனசு வராது, நீங்க பாருங்க" என்றார்.

வட்டவளையில் வீரய்யா மாமா கோழி அடித்தார். சிரித்துச் சிரித்துப் பேசினார். தாளை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "எங்க மனுவும் ஆபீசுலதான் கெடக்கு, தாயி. நான் கைய வச்சா என்னையும் கூப்பிட்டுக் கொடைவானுங்க" என்றார். ஹட்டனில் சித்தப்பா வீட்டிலும் கோழிதான், அதே பேச்சுதான்.

மஸ்கெலியாவில் காளியாயி அத்தை அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதது. தங்கச்சிக்குப் பாவாடை எடுத்து வைத்திருந்தது. தாளைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டது. "பதியாத ஆள லயத்து வீட்டுல வச்சிருந்தேன்னு தொரைக்குத் தெரிஞ்சா என்னையவும் வெளிய தள்ளிருவாரு அண்ணே. என்னைய மன்னிச்சிரு." அப்பா, "அழாத புள்ள, சோத்தப் போடு" என்றார்.

திரும்பும்போது லாபிர் நானா சொன்னார்: "மூணு வீட்டுல மூணு கோழி செத்திச்சு, ஒரு கட்டவெரல் கெடைக்கலியே அண்ணே!" எல்லோரும் சிரித்தோம். அப்பாதான் அதிகம் சிரித்தார்.

சார், விசாரணையில் அந்தப் பதிவேட்டை என்னிடம் காட்டினார்கள். எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த எழுத்தைப் பார்த்துத்தானே எழுதப் பழகினேன். அது தவறு என்று நீங்கள் ஒரு தாளில் எழுதித் தந்தால், அதைத் தள்ள யாராலும் முடியாது. தருவீர்களா, சார்?

இப்படிக்கு,
அழகுமுத்து மகள் பூரணி

ராகலை
4.5.1960

அன்புள்ள பூரணிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எனக்கு இருமல். முப்பது வருடம் வைத்த பதிவேட்டை நானே தவறு என்றால், அதில் உள்ள மற்றதையும் சந்தேகிப்பார்கள். அவசரப்படாதே. அத்தையை இன்னொரு தடவை கேட்டுப் பார். ஈர விறகும் ஊத ஊதப் பிடிக்கும் அல்லவா?

கந்தப்பன்

தலவாக்கலை
2.8.1960

சாருக்கு,

விறகு பிடிக்கவில்லை. மே பத்தும் போய்விட்டது. இனி இங்கே பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்க வெள்ளிக்கிழமை தலைமன்னாருக்கு ரயில் ஏறுகிறோம். துறையூர்ப் பக்கம் அப்பா பிறந்த ஊர். அங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. "அங்க அருவி இருக்கா?" என்று தங்கச்சி கேட்கிறாள். இருமலுக்கு ஆடாதோடை போட்டுக் குடியுங்கள்.

பூரணி

ராகலை
15.11.1960

அன்புள்ள பூரணிக்கு,

உன் விலாசம் தெரியாது. துறையூர் தபால் நிலையத்துக்கு அப்பா பெயரைப் போட்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இது மூன்றாவது.

வராத பிள்ளைக்குக் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. விசாரிக்க வேண்டுமானால் இரண்டு மைல் இறங்கி உங்கள் லயத்துக்கு வர வேண்டும். அன்று மழை. "இந்தியா" என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்த வருடம் பதினொரு பிள்ளைகளுக்கு அப்படி எழுதினேன். உனக்காக உண்மையைச் சொன்னால் மற்றப் பத்துப் பேரும் கேட்டு வருவார்கள் என்று பயந்தேன். நல்ல வாத்தியார் என்ற பெயரோடு சாக நினைத்தேன். அதனால்தான் உங்களை வீடு வீடாக அனுப்பினேன். காளியாயி அத்தை கையைத்தான் ஒளித்தார். நான் ஆளே ஒளிந்துகொண்டேன்.

நீ கேட்ட தாளை இத்தோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி இது எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் செய், அம்மா. தங்கச்சியை அங்கே பள்ளியில் சேர்க்கும்போது, வாத்தியார் பதிவேட்டில் எழுதியதை உரக்க வாசித்துக் காட்டச் சொல்.

கந்தப்பன்