உயிரோடிருந்த அம்மாவுக்குப் படைத்த சோறு

சொக்சோ,
அக்டோபர் 11, 2009

அன்பு மகள் கியோங்-ரானுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலிதான், சொன்னால் கேட்காமல் கணவாய் மீன் காயப்போடப் போகிறாள். சந்திப்பு எப்படி நடந்தது என்று மூன்று தடவை போன் செய்தாய், மூன்று தடவையும் நான் வெளியே போய்விட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

வடக்கே போய் உன் அத்தை ஓக்-புன்னைப் பார்த்தேன். போரில் நான் தெற்கே கப்பலேறியபோது அவளுக்கு ஆறு வயது, இப்போது பல் போன கிழவி. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிந்த உறவைப் பார்க்க விடும் குலுக்கலுக்கு ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்தது மூன்று நாள், அதிலும் தடவைக்கு இரண்டு மணி நேரம், அவள் முதுகுக்குப் பின்னால் சட்டையில் சின்னம் குத்திய அவர்கள் அரசாங்கத்து ஆள் ஒருவன். முதல் இரண்டு நாளும் எதைக் கேட்டாலும் "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லண்ணே" என்பதே பதில். கடைசி நாள் காலையில்தான் பாட்டி இறந்த தேதியைக் கேட்டேன். தொண்ணூற்று நான்காம் வருஷம், சந்திர நாட்காட்டியில் மூன்றாம் மாதம் பதினொன்று என்றாள். ஜோசியக்காரி ஒருத்தி என் அம்மா போய்விட்டாள் என்று சொன்னதை நம்பி எழுபத்தொன்றிலிருந்து நான் திதி கொடுக்கிறேன், நீயும்தானே சின்ன வயதில் விழுந்து கும்பிட்டாய். உயிரோடிருந்தவளுக்கு இருபத்து மூன்று வருஷம் படைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சிகளைக் கீழே வைத்தாள். பின்னால் நின்றவனுக்குக் கேட்காதபடி குனிந்து, "உசுரோட இருந்தவளுக்கா படைச்ச? அவ ஒன் பொறந்தநாளு வந்தா ஒரு கிண்ணம் சோறு மூடி வெச்சுருவா, எம்மவன் வருவான்னு. வீட்ல அரிசி இல்லாத வருஷங்கூட யாரையும் தொடவுடல" என்றாள். அழ வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. "ஒரு கடுதாசி போட வழியில்லாம நான் என்னத்தக் கண்டேன்" என்று கத்தினேன். "எங்கிட்டக் கத்தி என்ன பிரயோசனம், வுட்டுட்டுக் கப்பலேறுனது நானா" என்றாள். ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்றுதான் ஏறினேன், அதைக்கூடச் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம், அப்படியே அரைமணி போயிற்று, நேரம் முடிந்தது என்றார்கள். பேருந்து ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் ஏதோ சொன்னாள், கண்ணாடியைத் திறக்க முடியவில்லை. அம்மாவை எங்கே புதைத்தார்கள் என்று கேட்கவே இல்லை.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் போய் நின்றேன். ஒருமுறை பார்த்தவர் பெயரை மறுபடி குலுக்கலில் சேர்ப்பதில்லை, இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் தாத்தா என்றாள் அங்கிருந்த பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கடிதமாவது அனுப்பலாமா என்றேன், முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். கடல் தாண்டி உனக்கு எழுதினால் பத்து நாளில் சேர்கிறது, ஓக்-புன் இருப்பது காரில் போனால் அரைநாள் தூரம். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைத்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளைக் குளிரில் கவனமாகப் பார்த்துக்கொள். பாட்டி திதி இனி மூன்றாம் மாதம் பதினொன்று, குறித்துக்கொள், எனக்குப் பிறகு உன் தம்பி மறந்துவிடுவான். எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

உன் அப்பா,
ஹாம் தக்-சூ